தினமும் சன்ஸ்கிரீன்: கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகளும் முழுப் பதில்களும்

மதுரையில் ஒரு மருந்துக்கடையில் 12 வருடமாகப் பார்மசிஸ்டாக இருக்கிறேன். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் சன்ஸ்கிரீன் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள், கூடவே சந்தேகங்களும். ஒரே கேள்வியை ஒரு நாளில் நாலு பேர் கேட்பார்கள். பின்னால் மருந்துச் சீட்டோடு ஆட்கள் காத்திருக்கும்போது பாதிப் பதிலோடு அனுப்பி வைக்கிறோமே என்று மனசுக்கு உறுத்தலாக இருக்கும். அந்த மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் அவர்கள் கேட்டபடியேதான் இருக்கின்றன.

அக்கா, சன்ஸ்கிரீன்னா சாதா க்ரீம் மாதிரிதானே? அப்படி என்ன பண்ணுது அது?

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. தோலுக்கு வந்து சேர்வது அதில் இரண்டு வகை. யு.வி.பி. மேல் தோலைச் சுடும்; கடற்கரையில் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தால் ராத்திரி தோள்பட்டை எரிகிறதே, பெரும்பாலும் இதன் வேலைதான். யு.வி.ஏ. எரிச்சல் காட்டாது, ஆனால் ஆழமாகப் போகும். தோலை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற நாரை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். சுருக்கம், தொய்வு, திட்டுத் திட்டான கருமை இதெல்லாம் வயதால் மட்டும் வருவதில்லை, பெரும்பங்கு வெயிலுக்கு உண்டு.

சன்ஸ்கிரீனில் இருக்கும் பொருட்கள் இந்தக் கதிர்களைத் தோலுக்குள் போக விடாமல் பிடித்து வெப்பமாக மாற்றிவிடும், கொஞ்சத்தைச் சிதறடிக்கும். சாதா க்ரீம் தோலைக் காயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நாமதான் கறுப்பாச்சே, நமக்கு எதுக்கு இது? வெள்ளைக்காரங்களுக்குத்தானே?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி நல்ல பாதுகாப்பு. மிகக் கருத்த தோலுக்கு இயற்கையாகவே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பைச் சொல்லும் எண்) 13 அளவுக்குத் தடுப்பு இருப்பதாகவும், வெளுத்த தோலுக்கு அது 3 சொச்சம்தான் என்றும் பழைய ஆய்வு ஒன்றில் கணக்கிட்டிருக்கிறார்கள். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு. ஆகவே புற்றுநோயைச் சொல்லிப் பயமுறுத்தி நான் யாருக்கும் இதை விற்பதில்லை.

ஆனால் அதே மெலனின்தான் நமக்கு இன்னொரு தொல்லையைத் தருகிறது. வெயில் பட்டதும் அது சுலபமாகத் தூண்டப்படும். கன்னத்தில் மங்கு, நெற்றியில் கருமை, பரு ஆறின இடத்தில் மாதக்கணக்கில் போகாத கறுப்புப் புள்ளி என்று வந்து நிற்கும். வெள்ளைத் தோலில் வெயிலின் சேதம் முதலில் சுருக்கமாகத் தெரியும். நம் தோலில் முதலில் நிறம் சீரில்லாமல் போகும், சுருக்கம் பத்து பதினைந்து வருடம் கழித்து வரும்.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்பது தாண்டியவர்கள் முழங்கைக்கு மேலே, சட்டையோ ரவிக்கையோ மூடுகிற இடத்தின் உட்பக்கத் தோலைப் பாருங்கள். அப்புறம் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். என் அம்மா 30 வருடம் தெருவில் உட்கார்ந்து பூக்கட்டி விற்றவர். ரவிக்கை முடிகிற இடத்தில் கோடு கிழித்தாற்போல, மேலே வழவழப்பு, கீழே சொரசொரப்பும் புள்ளிகளுமாக இருக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறையே வந்தது.

இதைப் போட்டா வெள்ளையாயிடுவேனா?

மாட்டீர்கள். ஆகவும் வேண்டாம். உங்கள் நிறம் நோய் இல்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. சன்ஸ்கிரீன் செய்வது ஒன்றுதான்: வெயிலால் கூடுதலாக ஏறுகிற கருமையைத் தடுக்கும். ஏற்கெனவே ஏறின கருமை, தோல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது வாரங்கள், மாதங்கள் என்று மெதுவாகக் குறைந்து உங்கள் சொந்த நிறத்துக்கு வரும். அதைத் தாண்டி ஒரு பங்குகூட வெளுக்காது. பார்லரில் ஒரே நாளில் டீடான் (கருமை நீக்கம்) செய்துவிட்டு மறுநாள் அதே வெயிலில் வெறும் முகத்தோடு போனால் அந்தக் காசு வீண்.

எஸ்.பி.எஃப். 30 வாங்கணுமா, 50 வாங்கணுமா? 100-ன்னுகூட இருக்கே?

சரியான அளவில் பூசினால் எஸ்.பி.எஃப். 15 யு.வி.பி. கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. ஆக 30-க்கும் 50-க்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. 30-க்குக் கீழே வாங்காதீர்கள். இருந்தாலும் நான் 50-ஐத்தான் எடுத்துக் கொடுப்பேன், ஏனென்றால் யாருமே சரியான அளவு பூசுவதில்லை (அது கீழே வருகிறது). குறைவாகப் பூசினாலும் கொஞ்சமாவது மிச்சம் நிற்கட்டும் என்றுதான்.

30 போட்டு அதன் மேல் 15 இருக்கிற கிரீமையும் போட்டால் 45 ஆகாது. கூட்டல் கணக்கு இதில் செல்லாது.

ட்யூப்ல பி.ஏ.ன்னு போட்டு நாலு பிளஸ் போட்டிருக்கே, அது என்ன?

எஸ்.பி.எஃப். என்பது தோல் சிவக்கிறதை வைத்து அளக்கிற அளவு, அதாவது பெரும்பாலும் யு.வி.பி.க்கானது. மங்குக்கும் சுருக்கத்துக்கும் முக்கியக் காரணமான யு.வி.ஏ. பற்றி அது அதிகம் சொல்லாது. அதற்காக ஜப்பானில் 1996-ல் கொண்டுவந்ததுதான் இந்த பி.ஏ. குறியீடு. முதலில் மூன்று பிளஸ் வரைக்கும்தான் இருந்தது, 2013-ல் நாலாவதைச் சேர்த்தார்கள். பிளஸ் கூடக் கூட யு.வி.ஏ. தடுப்பு கூடுதல்.

வாங்கும்போது அட்டையில் எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்க்காமல், பி.ஏ. மூன்று பிளஸாவது இருக்கிறதா அல்லது ‘ப்ராட் ஸ்பெக்ட்ரம்’ (இரண்டு வகைக் கதிரையும் தடுப்பது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே இல்லாததை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

எவ்வளவு போடணும்? நான் ஒரு பட்டாணி அளவு எடுக்கிறேன்.

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். அட்டையில் இருக்கும் எண்ணைச் சோதனைச்சாலையில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் வீட்டில் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குதான் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. பட்டாணி அளவு போட்டால் 50 என்று எழுதியிருக்கிற ட்யூப் உங்கள் முகத்தில் 50 ஆக வேலை செய்யவே செய்யாது.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் நீட்டுங்கள். அடியிலிருந்து நுனி வரைக்கும் இரண்டு விரலிலும் நீளமாகக் கோடு போல இழுங்கள். அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளை அளவு, சுமார் 1 கிராம். ஒரேயடியாகப் பூசினால் வழியும், அதனால் முதலில் ஒரு விரல், அது இறங்கினதும் இரண்டாவது விரல். காது மடல், பின்கழுத்து, முடி கொட்டின நெற்றி, வழுக்கை, புறங்கை எல்லாம் எல்லாரும் மறக்கிற இடங்கள். புறங்கைக்கு இன்னும் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் ஒரு வேளை முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். ‘போன தீபாவளிக்கு வாங்கினது இன்னும் இருக்கு அக்கா’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும்.

காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் இருக்குமா?

வெளியே இருக்கிறீர்களா உள்ளே இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. வெயிலில் நிற்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். வேர்வை, கைக்குட்டையால் துடைப்பது, முகம் கழுவுவது எல்லாம் அந்தப் படலத்தை அழித்துவிடும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருப்பதுகூட தண்ணீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்ற அர்த்தம்தான். காலையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மதியம் வெளியே கிளம்புவதற்கு முன் ஒரு தடவை போட்டால் போதும்.

எப்போது போட்டாலும் கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் போடுங்கள். அது காய்ந்து ஒரு படலமாக உட்கார வேண்டும். மாய்ஸ்சரைசர் முதலில், சன்ஸ்கிரீன் அடுத்து, மேக்கப் எல்லாம் அதற்கு மேல்.

எத்தனை மணி வெயிலுக்குப் போடணும்? காலைல வாக்கிங் போறதுக்குமா?

கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழுந்தால் புற ஊதாக் கதிர் மிதம். நிழல் உங்களைவிடக் குட்டையாகி, காலடிக்குள் சுருங்க ஆரம்பித்தால் கடுமை. ஆறு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குள் திரும்பி வருகிற நடைக்கு ஒன்றும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் யு.வி. இன்டெக்ஸ் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறார்கள். 11-ஐத் தொட்டால் உச்சக்கட்டம். சென்னையிலும் மதுரையிலும் சித்திரை மாத உச்சிவெயிலில் 11 சர்வசாதாரணம், மார்கழி மதியத்தில்கூட 3-ஐ நன்றாகத் தாண்டியிருக்கும். செல்போனில் வானிலை பார்க்கிற இடத்திலேயே இந்த எண்ணும் பெரும்பாலும் இருக்கும், வெப்பநிலைக்குக் கீழே தேடிப் பாருங்கள்.

மழைக்காலத்துல, மேகமா இருக்கும்போதும் போடணுமா? ஊட்டிக்குப் போறோம், அங்க குளிருமே?

லேசான மேகத்தைப் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரைக்கும் ஊடுருவிவிடும். சூடு தெரியாததால் நாம் ஏமாந்து அதிக நேரம் வெளியே நிற்கிறோம். கறுத்து அடர்ந்த மழை மேகம் என்றால் நன்றாகவே குறையும், அன்றைக்கு விட்டாலும் பரவாயில்லை.

ஊட்டி, கொடைக்கானல் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மேகம் விலகின ஒரு பகலில் படகு வீட்டில் வரிசையில் நிற்கிற ஒன்றரை மணி நேரத்தில், குளிர்காற்று சுகமாக இருக்கும்போதே முகம் கருத்துவிடும். ‘பனிக்காத்துல கருத்துட்டேன்’ என்று திரும்பி வந்து சொல்வார்கள். கருக்க வைத்தது வெயில்.

நான் வீட்டுலதான் இருக்கேன். எனக்கும் வேணுமா? போன் வெளிச்சம்கூட கருக்க வைக்குமாமே?

ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, டியூப் லைட்டில் இருக்கிறவர்களுக்கு வேண்டாம். போன், டிவி வெளிச்சம் வெயிலோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு, அதற்காகச் சன்ஸ்கிரீன் வாங்கத் தேவையில்லை. மாடியில் வற்றல் காயப்போட்டு, துணி காயப்போட்டு, பிள்ளையைக் கூப்பிட மதியம் பள்ளிக்கூட வாசலில் நின்று என்று இருக்கிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அவர்களும் ‘வீட்டுலதான் இருக்கேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் கவனியுங்கள். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுக்கும், யு.வி.ஏ.வைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டின 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடது கன்னம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வலது கன்னம் பத்து இருபது வயது குறைந்தவருடையதைப் போல இருக்கும். ஒரே முகம். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், ஆகவே பஸ், கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது கன்னமும் வலது கையும். காரின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியை நம்ப முடியாது.

துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு, ஹெல்மெட் போட்டுட்டுத்தான் வண்டியில போறேன். போதாதா?

துணி நல்லதுதான், ஆனால் எந்தத் துணி என்று பாருங்கள். துப்பட்டாவை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டே எஸ்.பி.எஃப். 5, 7 அளவுக்குத்தான் தடுக்கும், நனைந்தால் இன்னும் குறைவு. நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நல்லது. ஹெல்மெட்டின் விசர் நல்ல பாலிகார்பனேட்டாக இருந்தால் புற ஊதாவைப் பெருமளவு தடுக்கும். ஆனால் சிக்னலில் எல்லாரும் முதலில் தூக்குவது அதைத்தான்.

கைதான் பாவம். ஹேண்டில்பாரில் இரண்டு புறங்கையும் நேராக வானத்தைப் பார்த்து இருக்கும். முகத்துக்கு அவ்வளவு பார்க்கிறவர்கள் கைக்கு ஒரு உறைகூட மாட்டுவதில்லை.

எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க, அப்பா கொத்தனார். நாள் பூரா வெயில்தான். அவங்களுக்கு எது வாங்கித் தரலாம்?

கேட்டது ஒரு கல்லூரிப் பெண். கையில் மடித்து வைத்த நோட்டு. நான் அன்றைக்கு அவளுக்குச் சன்ஸ்கிரீன் விற்கவில்லை. உடம்பில் வெயில் படுகிற இடமெல்லாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வேர்த்துக் கொட்டுகிற வேலைக்கு நடுவில் பூசுவது நடக்கிற காரியம் இல்லை. ஒரு ட்யூப் சில நாளில் தீர்ந்துவிடும்.

வயல் வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சும்மாடு மாதிரிக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது எந்த ட்யூபையும்விட நல்ல பாதுகாப்பு. வேர்வையில் கரையாது, மறுபடி பூசவும் வேண்டாம். அதோடு சுற்றிலும் விளிம்பு அகலமான ஒரு தொப்பி, முடிந்தால் 11-லிருந்து 3 மணிக்குள் நிழலில் செய்கிற வேலை. இவ்வளவும் செய்த பிறகு மூக்கு, கன்னம், உதடு என்று மூட முடியாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். இந்த வரிசை ஆபீஸ் போகிறவர்களுக்கும் பொருந்தும்: நிழல், குடை, துணி, அப்புறம்தான் க்ரீம்.

மஞ்சள், கற்றாழை, தேங்காய் எண்ணெய் எல்லாம் இருக்கே. கெமிக்கல் எதுக்கு?

கற்றாழை வெயில்பட்ட தோலுக்குக் குளுமை தரும், எண்ணெய் தோலைக் காயவிடாது. அந்த வேலைக்கு அவை நல்லவை. வெயிலைத் தடுக்கிற வேலைக்குப் போதாது. தேங்காய் எண்ணெய் புற ஊதாவைத் தடுப்பது மிகக் கொஞ்சம். நான் மேலே சொன்ன 30-க்குப் பக்கத்தில்கூட வராது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்த மாதிரி ஆகும், கொப்புளம்கூட வரும், ஆறின பிறகு கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகட்டும் என்று செய்தது புதுக் கருமையைக் கொண்டுவரும்.

போட்டா முகம் விபூதி பூசின மாதிரி வெளுத்துத் தெரியுது. வேர்த்தா கண்ணு எரியுது. பருவும் வருது. எப்படிப் போடுறது?

வெளுத்துத் தெரிவது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இருக்கிற வகையால். அவை வெள்ளைப் பொடிகள், நம் நிறத்தில் பளிச்சென்று காட்டிவிடும். அதற்கு ஜெல் வகையோ, தோல் நிறச் சாயம் சேர்த்த ‘டின்டட்’ வகையோ வாங்குங்கள். கண் எரிச்சல் பெரும்பாலும் அவோபென்சோன் போன்ற கதிர் தடுப்புப் பொருட்கள் வேர்வையோடு வழிவதால். புருவத்துக்குக் கீழேயும் கண்ணைச் சுற்றியும் மட்டும் ஜிங்க் வகையைப் போட்டுப் பாருங்கள், அது எரியாது.

எண்ணெய் வழிகிற முகம் என்றால் கெட்டிக் க்ரீமைத் தவிர்த்து ஜெல் அல்லது தண்ணீர் மாதிரி இருக்கிற வகை. ராத்திரி முகத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் படுங்கள். பரு வருவதற்கு ஒரு காரணம், அன்றைக்குப் போட்டதைக் கழுவாமல் தூங்குவது. புதிதாக எது வாங்கினாலும் மூன்று நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

கன்னத்துல மங்கு இருக்கு. 50 போட்டுட்டே இருக்கேன், குறையலையே?

முதலில் அளவு சரியா என்று பாருங்கள், இரண்டு விரல் கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன். அது சரி என்றால் இன்னொரு காரணம் உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே மாநிறமும் கறுப்புமான தோலை நெடுநாள் கருக்க வைத்தது தெரியவந்தது. வெளுத்த தோலில் அப்படி ஆகவில்லை. சாதாரண சன்ஸ்கிரீன், விலை உயர்ந்ததுகூட, இந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்த்த டின்டட் வகைதான் தடுக்கும். பெட்டியின் பின்பக்கம் பொருட்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கு இருக்கிற நம் பெண்களுக்கு இது மிகவும் தேவையான தகவல், ஆனால் விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

மங்குக்குக் கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு, ஆகவே தோல் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மூன்று மருந்து கலந்த, ஸ்டீராய்டு இருக்கிற க்ரீமை வாங்கித் தினமும் தடவாதீர்கள். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் அப்படித் தடவின ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன, மேலுதட்டில் முடி முளைத்திருந்தது, வெளி வாசலில் நின்றாலே எரிகிறது என்று அழுதாள். அந்த க்ரீமை எங்கள் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. வேறு எங்கே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கைக்குழந்தைக்குப் போடலாமா? மாசமா இருக்கிறவங்க?

ஆறு மாதத்துக்குள் வேண்டாம். நிழலும் துணியும் குல்லாவும் போதும். அதற்கு மேல் ஜிங்க் அல்லது டைட்டானியம் வகை. கர்ப்பிணிகளும் அதையே போடலாம், போடுவது நல்லதும்கூட, மங்கு பலருக்கு அப்போது வரும்.

தினமும் போட்டா வைட்டமின் டி குறைஞ்சிடாதா?

நியாயமான கேள்வி. வைட்டமின் டி-யைத் தோலில் உண்டாக்குவது யு.வி.பி. அது காலை ஏழு மணி இளவெயிலில் மிகக் குறைவு, பத்து மணிக்கு மேல்தான் போதுமான அளவு வரும். நம் நிறத்துக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரமும் தேவை. ஆகவே முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு, கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டுங்கள். முகம் உடம்பில் சின்னப் பரப்பு, அதை மூடுவதால் பெரிய நஷ்டம் இல்லை.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லாமலே வைட்டமின் டி குறைவு நிறையப் பேருக்கு இருக்கிறது, சன்ஸ்கிரீனைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும்தான். உடம்பு வலி, அசதி இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்கிற அளவில் மாத்திரை எடுங்கள். 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என்று அவர் எழுதினால் வாரம் ஒன்றுதான், தினமும் இல்லை. அப்படித் தெரியாமல் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மாத்திரை சாப்பிடுறப்போ வெயில் அதிகமா பிடிக்குமா?

சில மாத்திரைகளுக்கு ஆமாம். பருவுக்குத் தருகிற டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தருகிற ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் தோலை வெயிலுக்குச் சுலபமாகப் புண்படுத்திவிடும். ராத்திரி பூசுகிற ரெட்டினாய்டு, கிளைகாலிக் அமிலம் போன்றவையும் தோலை வெயில் தாங்காதபடி ஆக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பகலில் கூடுதல் கவனமாக இருங்கள், தடிப்பு வந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனினே கிடையாது. அவர்கள் வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், சிகிச்சையிலேயே வெளிச்சம் ஒரு பகுதியாக இருக்கலாம்.

சன்ஸ்கிரீன் ரத்தத்துல கலக்குதாம், அதனாலயே புற்றுநோய் வருமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு.

முதல் பாதி உண்மை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் 24 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. உடம்பில் முக்கால் பங்குக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலு நாள் பூசச் சொன்னார்கள். அவோபென்சோன், ஆக்சிபென்சோன் போன்ற பொருட்கள் ரத்தத்தில் அவர்கள் வைத்திருந்த வரம்புக்கு மேல் இருந்தன. அந்த வரம்பைத் தாண்டினால் ‘மேற்கொண்டு பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும்’ என்றுதான் அர்த்தம், கெடுதல் செய்தது என்று அர்த்தமில்லை. சன்ஸ்கிரீனைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். புற்றுநோய் வரும் என்ற இரண்டாம் பாதி அந்தச் சோதனையில் எங்கேயும் இல்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் ஜிங்க், டைட்டானியம் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள், அவை தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 ஜனவரி முதல் விற்பனைக்கே தடை. நமக்கும் ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை இருக்கிறது.

விலை கூடினதுதான் நல்லதா? வண்டி டிக்கியிலயே ஒண்ணு போட்டு வைக்கலாமா?

விலை கூடினதில் பூசுவதற்கு இதமாக இருக்கும், வாசனை நன்றாக இருக்கும். பாதுகாப்பு அட்டையில் இருக்கும் எண்ணைப் பொறுத்தது. சிக்கனமாகத் தொட்டுத் தொட்டுப் பூசுகிற 900 ரூபாய் ட்யூபைவிட, தாராளமாக இரண்டு விரல் எடுக்கிற 300 ரூபாய் ட்யூப் நல்லது. பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிக்கியில் வேண்டாம். மதிய வெயிலில் நிற்கிற வண்டியின் சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டில் க்ரீம் பிரிந்து தண்ணீர் தனி, எண்ணெய் தனியாகிவிடும். அப்படிப் பிரிந்தது, வாசனை மாறினது, தேதி முடிந்தது எதையும் ‘வீணாகுதே’ என்று பூசாதீர்கள்.

எனக்கு 56 வயசு ஆச்சு. இத்தனை நாள் போடல, இனிமே போட்டு என்ன ஆகப்போகுது?

ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஊர்க்காரர்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு பாதியினர் வழக்கம்போல விருப்பப்பட்டால் பூசலாம். நாலரை வருடம் கழித்து 900 பேருக்கு மேல் புறங்கையின் மேல்தோலைச் சிலிகானில் அச்செடுத்து, முதலில் எடுத்த அச்சோடு ஒப்பிட்டார்கள். தினமும் பூசினவர்களின் தோலில் மூப்பு கூடினதாகவே தெரியவில்லை. மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அவர்கள் பூசியது இன்றைய 50 இல்லை, எஸ்.பி.எஃப். 15 சொச்சம்தான். எண் சின்னது, ஆனால் தினமும் பூசினார்கள்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 55 வயதுக்கு உட்பட்டவர்கள், பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள், ஆகவே அந்தச் சதவீதத்தை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெயில் கொலாஜனை அரிப்பது எந்த வயதிலும் நடந்துகொண்டே இருக்கிறது, மறைத்தால் அன்றிலிருந்து குறையும். என் அம்மாவுக்கு 58-ல் ஆரம்பித்துக் கொடுத்தேன். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்ததும் முகத்துக்கு இரண்டு விரல், புறங்கைகளுக்கு இன்னொன்று. பழைய புள்ளிகள் போகவில்லை. மூன்று வருடமாகப் புதுப் புள்ளி எதுவும் கண்ணில் படவில்லை, கன்னத்து மங்கின் ஓரம் கொஞ்சம் மங்கலாகியிருக்கிறது. நேற்று ட்யூப் தீர்ந்துபோச்சு என்று அவரே போன் செய்து சொன்னார்.